தமிழ் பிடிஎஃப்: எந்த லைப்ரரியிடம் ஒப்படைப்பது?

கோபிசெட்டிபாளையம், மொடக்குறிச்சி, பெருந்துறை, கௌசல்யா, ஸ்ரீதர், லக்ஷ்மி. புதிதாக ஒரு பிடிஎஃப் லைப்ரரியைப் (பிடிஎஃப் உருவாக்க நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) பற்றிக் கேள்விப்பட்டால், அதன் வேகத்தையோ கிட்ஹப் தளத்தில் அது பெற்ற நட்சத்திரங்களையோ பார்ப்பதற்கு முன் இந்தச் சொற்களை அச்சிடச் சொல்லிப் பார்ப்பேன். கோபிசெட்டிபாளையத்தில் இரட்டைக் கொம்பும் காலும் ககரத்தை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். சகரத்தின் ஒற்றைக் கொம்பு அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். டகரமும் இகரமும் ஒட்டி ஒரே வடிவமாக வேண்டும். பெருந்துறையில் ரு, து இரண்டும் உகரத்தை வெவ்வேறு விதமாக ஏற்கின்றன. கௌசல்யாவில் ஔகாரம், ஸ்ரீதரிலும் லக்ஷ்மியிலும் கூட்டெழுத்து. தமிழ் எழுத்துமுறையின் சிக்கல்கள் எல்லாம் நம் ஊர்ப் பெயர்களிலும் ஆள் பெயர்களிலுமே கிடைத்துவிடுகின்றன.

ஈரோடு வட்டாரத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் சிறு குழு எங்களுடையது. ரசீது, கடன் பேரேடு, உறுப்பினர் பட்டியல், பேரவைக் கூட்ட அழைப்பு, ஆண்டறிக்கை என எங்களிடமிருந்து வெளியே போகும் தாள்கள் அனைத்தும் தமிழில்தான் போகின்றன. அனைத்தும் பிடிஎஃப் கோப்பாகவே உருவாகின்றன. ஆகவே எந்தத் திறமூல லைப்ரரி நல்லது என்ற கேள்வி எனக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் வேகம் இருக்கும், கோப்பின் அளவு இருக்கும், படிவ வசதி இருக்கும், கையொப்ப வசதி இருக்கும். தமிழ் எழுத்து சரியாக விழுமா என்பதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் இது பிரச்சினையாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலாவியில் தமிழ்ப் பக்கம் திறக்கும்போது எழுத்துகளை ஒழுங்காகக் கோப்பது உலாவியின் வேலை. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு தரத்தில் "பெ" என்பது பகரம் முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. ஒலிக்கும் வரிசை அது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்துவதும், "கு", "டி" போன்றவற்றுக்கு எழுத்துருவிலிருந்து ஒட்டிய வடிவத்தை எடுப்பதும் தனியாக நடக்க வேண்டிய வேலை. அதற்குத்தான் ஷேப்பிங் என்று பெயர். பிடிஎஃப் கோப்பில் இந்த வேலைக்கு இடமே இல்லை. எழுத்துருவின் இத்தனையாவது வடிவத்தை இந்த இடத்தில் வை என்ற கட்டளைகளே அதில் இருக்கின்றன. அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை அடுக்கிக் கட்டி முடித்த பலகை போன்றது அது. படிக்கும் மென்பொருள் அதைக் கலைத்து அடுக்காது. ஆகவே கோப்பை உருவாக்கும் லைப்ரரி ஷேப்பிங்கைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், உகரக் குறி தனியாகத் தொங்கும், சில எழுத்துருக்களில் புள்ளி வட்டம் முளைக்கும். ஆங்கிலத்தில் இந்தப் படியைத் தவிர்த்தாலும் படிக்கக்கூடிய தாள் கிடைத்துவிடும். பல லைப்ரரிகள் இந்தப் படியே இல்லாமல் பிறந்து வளர்ந்து புகழ்பெற்றதற்கு அதுதான் காரணம்.

திறமூல உலகில் இந்த வேலையைச் சுமக்கும் திட்டம் ஹார்ஃப்பஸ். எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் திட்டத்தில், ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வடிவத்துக்காக இருந்த நிரலிலிருந்து கிளைத்தது; பின்னர் பெஹ்தாத் இஸ்ஃபஹ்பொத் அதைப் புதிதாகவே எழுதினார். குரோமில், ஃபயர்பாக்ஸில், ஆண்ட்ராய்டில் நீங்கள் படிக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ் வரியும் அதன் வழியாகத்தான் வருகிறது. சீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் 2013இல் ஐசியு என்ற பழைய ஷேப்பிங் இயந்திரத்தைக் கைவிட்டு இதற்கு மாறியது. 2017இல் ஜாவா 9 மாறியது. அதே ஆண்டில் லிப்ரெஆபிஸ் 5.3 எல்லா இயங்குதளங்களிலும் இதையே பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன் ஒரே லிப்ரெஆபிஸ் ஆவணம் விண்டோஸில் ஒரு மாதிரியும் லினக்ஸில் வேறு மாதிரியும் வரி மடங்கியதற்கு ஒவ்வொரு தளமும் தனித்தனி இயந்திரத்தை நம்பியிருந்தது ஒரு முக்கியக் காரணம். ஹார்ஃப்பஸ் களஞ்சியத்தின் சோதனைக் கோப்புகளில் தமிழுக்கென்று தனி அடைவே இருக்கிறது. ஒரு மாற்றம் தமிழைக் கெடுத்தால் அது வெளியாவதற்கு முன்பே தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. எழுத்துகளைக் கோப்பதில் எனக்கு அதன்மீது இருக்கும் நம்பிக்கை வேறு எதன்மீதும் இல்லை.

இதனால் என் முதல் கேள்வி மிக எளிமையாகிவிட்டது. இந்த லைப்ரரியின் அடியில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா, அல்லது அதற்கு இணையான ஒன்று இருக்கிறதா?

பைத்தான் உலகின் மூத்த லைப்ரரி ரிப்போர்ட்லேப். வரைபடங்கள், அட்டவணைகள், பக்க வார்ப்புருக்கள் என்று அதன் கட்டமைப்பு அருமையானது, வேகமும் அபாரம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் ஷேப்பிங் கிடையாது. 2025இல் வந்த 4.4 வரிசையில்தான் ஹார்ஃப்பஸ் வழியாக அந்த வசதி சேர்ந்தது, அதையும் நாமாகத்தான் இயக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரிப்போர்ட்லேப் பாடங்களில் பெரும்பாலானவை அதற்கு முன் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றித் தமிழை அச்சிட்டால் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும்.

எஃப்பிடிஎஃப்2 இதில் முந்திக்கொண்டது. பிஎச்பி மொழியில் பிறந்த எஃப்பிடிஎஃப் பைத்தானுக்குப் பெயர்க்கப்பட்டு, கைவிடப்பட்டு, பிறகு வேறு சிலர் கையில் மறுவாழ்வு பெற்ற திட்டம் இது. 2023இல் ஷேப்பிங் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி எழுதி அதை இயக்க வேண்டும். ஹார்ஃப்பஸின் பைத்தான் இணைப்பு நிறுவப்படாமல் இருந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதை நான் வரவேற்கிறேன். சத்தமில்லாமல் உடைந்த தமிழை அச்சிட்டுக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். சிறிய ரசீது, முகவரி ஒட்டுச்சீட்டு, அடையாள அட்டை போன்றவற்றுக்கு எஃப்பிடிஎஃப்2 போதும். இயல்பாக அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால், உலாவிக்குள்ளேயே பிடிஎஃப் உருவாக்க எல்லாரும் கைநீட்டுவது ஜேஎஸ்பிடிஎஃப் பக்கம்தான். அரபிக்கு அதில் ஏற்பாடு உண்டு, இந்திய மொழிகளுக்கு இல்லை. பிடிஎஃப்கிட் வேறு ரகம்: அதன் அடியில் உள்ள ஃபான்ட்கிட், ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதப்பட்ட ஷேப்பிங் இயந்திரத்தோடு வருகிறது. அதில் இந்திய எழுத்துகளுக்கெனத் தனிப் பகுதியும் இருக்கிறது. நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் தளம்) சர்வரில் வேலை செய்கிறவர்கள் முதலில் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஜாவாவின் நிலைமை எனக்கு வருத்தம் தருவது. அப்பாச்சி பிடிஎஃப்பாக்ஸ் நல்ல உரிமம், நல்ல சமூகம், நீண்ட வரலாறு எல்லாம் கொண்டது. ஆனால் வங்காளத்துக்கு ஒன்று, தேவநாகரிக்கு ஒன்று, குஜராத்திக்கு ஒன்று என்று மொழிவாரியாகத் தனித்தனி நிரல் எழுதி வளர்க்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு பொது இயந்திரம் ஏற்கெனவே தீர்த்த வேலையை ஒவ்வொரு மொழிக்கும் மறுபடி தீர்ப்பது நெடும்பயணம். ஜாவாவின் இன்னொரு லைப்ரரியான ஐடெக்ஸ்ட் தமிழைச் சரியாகக் கோக்கும், ஆனால் அதற்கான பிடிஎஃப்கலிகிராஃப் என்ற துணைப்பகுதி விலைக்கு விற்கப்படுவது. ஆங்கிலத்தில் அச்சிடுகிறவருக்கு இலவசம், தமிழில் அச்சிடுகிறவருக்குக் கட்டணம் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். ஒரு நிறுவனம் தன் உழைப்புக்கு விலை வைப்பது அதன் உரிமை. ஒப்பீட்டு அட்டவணையில் அதை "திறமூலம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது உலாவி வழி. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லில் எழுது, உலாவியிடம் கொடு, பிடிஎஃப் வாங்கு. நம் ஊரில் இன்னும் பல அலுவலக மென்பொருள்கள் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற கருவியை நம்பி ஓடுகின்றன. தமிழை அது சரியாகவே காட்டும். ஆனால் அதன் உள்ளே இருப்பது வெப்கிட் என்ற உலாவி இயந்திரத்தின் காலாவதியான பதிப்பு. களஞ்சியம் 2023 ஜனவரியில் பூட்டப்பட்டுவிட்டது. நம்பகமற்ற எச்டிஎம்எல்லை இதில் கொடுக்காதீர்கள் என்று அதன் ஆசிரியர்களே எச்சரித்திருக்கிறார்கள். புதிய வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடங்களில் மாற்றும் திட்டத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

அதன் இடத்தைப் பிடித்தவை பப்பெட்டீரும் பிளேரைட்டும். இரண்டுமே குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தை மறைவில் இயக்கிப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்குபவை. முதலாவது 2017இல் கூகுளிலிருந்து வந்தது, இரண்டாவது 2020இல் மைக்ரோசாஃப்டிலிருந்து. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரோம் காட்டுவது அப்படியே தாளில் வரும். விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ரசீதுக்காக முழு உலாவியையும் சர்வரில் நிறுவ வேண்டும், அதற்கு நினைவகம் ஒதுக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பக்க எண், சங்கத்தின் பெயர் வர வேண்டுமென்றால் சிஎஸ்எஸ் (வலைப்பக்க வடிவமைப்பு விதிகள்) வழியாக அதைச் செய்ய 2024இல் வந்த குரோம் 131 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் சங்கங்களின் சர்வர்களில் பல மிகச் சிறியவை. அங்கே குரோமியம் ஒரு சுமை.

நான் நின்ற இடம் வீஸிபிரிண்ட். பிரான்ஸைச் சேர்ந்த கோசியா குழுவிடமிருந்து 2011இல் பிறந்த பைத்தான் லைப்ரரி அது. எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கொடுத்தால் பிடிஎஃப் தரும், ஆனால் உள்ளே உலாவி இல்லை; அச்சுப் பக்கத்துக்கான சிஎஸ்எஸ் விதிகளை அவர்களே நிரலாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துகளைக் கோக்கும் வேலையைப் பாங்கோ என்ற உரை அமைப்பு லைப்ரரியிடம் விட்டுவிடுகிறார்கள், பாங்கோ அதை ஹார்ஃப்பஸிடம் கொடுக்கிறது. 2021இல் வந்த 53ஆம் பதிப்பில் கெய்ரோ என்ற வரைகலை லைப்ரரியைக் கழற்றிவிட்டு, பிடிஎஃப் எழுதுவதற்கென்று பைடிஃப் என்ற சிறு லைப்ரரியைத் தாங்களே உருவாக்கினார்கள். சார்புகள் குறைந்தன, புதிய வசதிகள் சேர்ப்பது அவர்களுக்கு எளிதாயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தொடரும் பகுதியின் பெயர், "பக்கம் 3, மொத்தம் 12" என்ற வரி, பக்கம் மாறினாலும் அட்டவணைத் தலைப்பு மறுபடி வருவது, ஆவணக் காப்பகத்துக்கான பிடிஎஃப்/ஏ வடிவம் எல்லாம் கிடைக்கின்றன. வடிவமைப்பை மாற்ற வேண்டுமானால் நிரலைத் தொடாமல் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் திருத்தினால் போதும். சங்கச் செயலாளர் ஒருவர் பேரவைக்கு முந்தைய நாள் மாலையில் தொலைபேசியில் அழைத்து, தலைவரின் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் என்று கேட்கும் ஊரில் இது சின்ன வசதி இல்லை.

அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, வரைபடத்தை எஸ்விஜி வடிவப் படமாக முன்கூட்டியே உருவாக்கிக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் ஒரே அட்டவணையைக் கொடுத்தால் வேகம் நன்றாகவே குறையும். உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துத் தனித்தனி அட்டவணைகளாகக் கொடுப்பது இதற்கு நல்ல வழி. படிப்பவருக்கும் அதுவே வசதி. விண்டோஸில் பாங்கோவைத் தனியாக நிறுவ வேண்டியிருப்பது புதியவர்களைத் தயங்க வைக்கும். லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

பிஎச்பி மட்டுமே ஓடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எம்பிடிஎஃப் இருக்கிறது. ஹார்ஃப்பஸ் இல்லாமல், ஓப்பன்டைப் விதிகளை பிஎச்பியிலேயே செயல்படுத்தியிருக்கிறார்கள். வேகம் எதிர்பார்க்க முடியாது. எழுத்துரு அமைப்பில் ஓப்பன்டைப் வசதியை இயக்கும் மதிப்பைக் கொடுத்தால்தான் தமிழ் சரியாக வரும். பல மன்றங்களில் "எம்பிடிஎஃப்பில் தமிழ் வராது" என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆண்டறிக்கை போன்ற நீண்ட ஆவணத்துக்கு இன்னும் இரண்டு வழிகள். டெக் குடும்பத்தின் சீடெக், லுவாடெக் இரண்டிலும் தமிழ் முதிர்ச்சியாக வேலை செய்கிறது. நீண்ட தமிழ்ச் சொற்களை வரி இறுதியில் பிரிக்கும் விதிக் கோப்பும் அதனுடன் வருகிறது. குறுகிய பத்திகளில் தமிழை அச்சிட்டவர்களுக்கு அந்த விதிக்கோப்பின் அருமை தெரியும். இருபக்கமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும் அளவுக்கு இடைவெளி விழுவது தமிழில் சாதாரணம். இன்னொன்று டைப்ஸ்ட்: ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு 2023 மார்ச்சில் திறமூலமானது. ஹார்ஃப்பஸை ரஸ்டுக்குப் பெயர்த்த ரஸ்டிபஸ் வழியாகத்தான் அதில் எழுத்துகளைக் கோக்கும் வசதி வந்தது. ஒரே இயங்குகோப்பு, நொடியில் முடியும் வேகம், டெக்கைவிடப் புரியும்படியான பிழைச் செய்திகள். இன்னும் 1.0 பதிப்பை எட்டவில்லை என்பதால் பதிப்புக்குப் பதிப்பு மொழியில் மாற்றங்கள் வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகும் அறிக்கைக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பாதி. மறுபாதியை யாரும் ஒப்பிடுவதே இல்லை: அச்சான எழுத்தை நகலெடுத்தால் என்ன கிடைக்கிறது?

பிடிஎஃப் கோப்பில் வடிவ எண்கள்தான் இருக்கின்றன என்றேன். அந்த எண் எந்த யூனிகோடு எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்ல டுயூனிகோடு என்ற அட்டவணை ஒன்று கோப்புக்குள் இருக்கும். "கு" என்பது ஒட்டிய ஒரே வடிவம். அதற்கு இரண்டு குறியீடுகளை எழுதி வைத்தால் போதும், அட்டவணை அதை அனுமதிக்கிறது. "பெ" வந்தால் கதை மாறுகிறது. தாளில் கொம்பு முதலில், பகரம் பிறகு. அட்டவணை ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக மொழிபெயர்ப்பதால் நகலெடுத்து ஒட்டும்போது "ெபருந்துைற" என்று வருகிறது. மொடக்குறிச்சியின் "மொ" இன்னும் மோசம். யூனிகோடில் இரண்டு குறியீடுகள், தாளில் மூன்று வடிவங்கள், நடுவில் மகரம். இதைச் சரியாகச் சொல்ல ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற குறிப்பு பிடிஎஃப் தரத்தில் உண்டு: இந்தத் தொகுதி முழுவதும் சேர்ந்து இந்த உரை என்று அறிவிக்கும் குறிப்பு. குரோமியத்தின் வரைகலை லைப்ரரியான ஸ்கியா அதை எழுதுகிறது. கெய்ரோவுக்கும் அந்த வழி தெரியும். எழுதாத லைப்ரரிகள் பல. எழுதினாலும் எல்லாப் படிப்பான்களும் அதை மதிப்பதில்லை.

அச்சடித்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்றால் இது பொருட்டில்லை. ஆனால் உறுப்பினர் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடுகிறார் ஒருவர். கண் முன்னே இருக்கும் பெயரை, இல்லை என்கிறது கணினி. பார்வையற்ற உறுப்பினரின் திரைவாசிப்பான் ஒவ்வொரு கொம்பிலும் தடுக்கி விழுகிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றி அச்சிடும் குறுக்குவழி இன்றும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அதில் தாள் அழகாக இருக்கும், நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல் கிடைக்கும். அரசு ஆவணங்களும் சங்க ஆவணங்களும் அப்படி உருவாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாண்டு கழித்து அவற்றிலிருந்து ஒரு சொல்லையும் தேடி எடுக்க முடியாது.

ஆகவே என் சோதனைக்கு இரண்டாம் பாகம் உண்டு. உருவான கோப்பை, பாப்ளர் திட்டத்தில் உள்ள, பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கருவியிடம் கொடுத்து, வரும் உரையை மூல உரையோடு நிரல்வழி ஒப்பிடுகிறேன். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். "மொ" ஒரு குறியுடனும் எழுதப்படலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதப்படலாம், இரண்டும் சமமே. கௌசல்யாவின் ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் இந்த மாற்றம் காப்பாற்றாது, ஏனென்றால் ளகரம் தனி எழுத்து. ஸ்ரீ எழுதவும் இரண்டு வழிகள் உண்டு. 2005இல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்ததன் விளைவு அது. இந்தக் கோளாறுகள் லைப்ரரியுடையவை அல்ல, உள்ளீட்டில் வந்தவை. அவற்றைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் முன்பே திருத்த வேண்டும்.

உரிமத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீஸிபிரிண்டும் ரிப்போர்ட்லேப்பும் பிஎஸ்டி உரிமம்; டைப்ஸ்ட், பப்பெட்டீர், பிளேரைட், பிடிஎஃப்பாக்ஸ் ஆகியவை அப்பாச்சி உரிமம்; எஃப்பிடிஎஃப்2 எல்ஜிபிஎல் உரிமம்; எம்பிடிஎஃப் ஜிபிஎல் உரிமம். ஐடெக்ஸ்ட் 2009இல் ஐந்தாம் பதிப்போடு ஏஜிபிஎல்லுக்கு மாறியது. அந்த உரிமத்தில் வலைச் சேவையாக வழங்கினாலும் உங்கள் நிரலைத் திறக்க வேண்டிய கடமை வரும். வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடும் முன் படிக்க வேண்டிய வரி இது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு திட்டங்கள் சமமாக நின்றால், நான் அவற்றின் வழுப்பட்டியலைத் திறந்து தமிழ், இந்தி, வங்காளம், கெமர் (கம்போடிய மொழி) என்று தேடுகிறேன். யாராவது உடைந்த எழுத்தின் படத்தோடு முறையிட்டிருப்பார்கள். பராமரிப்பாளர் என்ன பதில் சொன்னார் என்று பார்க்கிறேன். தனக்குத் தெரியாத எழுத்துமுறையைப் பற்றி அவர் பொறுமையாகக் கேள்வி கேட்டிருந்தால், மாதிரிக் கோப்பு கேட்டிருந்தால், அந்தத் திட்டத்தை நம்பலாம். முறையீடு செய்கிறவர்களும் வேலையை எளிதாக்க வேண்டும்: ஒரே ஒரு சொல், எழுத்துருவின் பெயரும் பதிப்பும், ஓடக்கூடிய மிகச் சிறிய நிரல், வர வேண்டிய வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலாவியிலிருந்து ஒரு படம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் கொண்ட எழுத்துருவில் காட்டினால் அவர்கள் அதை அப்படியே சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழைப் படிக்கத் தெரியாத பராமரிப்பாளருக்கு மொடக்குறிச்சி நல்ல தொடக்கம். நீளம் குறைவு, கொம்பு, கால், ஒற்று, உகரம், இகரம் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன.